அந்தப் பக்கத்து எடை

மாப்பிள்ளைக்கு அவருடைய அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. கல்யாணமான கையோடு அது காணாமல் போயிற்று. வீட்டோட மாப்பிள்ளை அல்லவா? மாமனார், மாமியார், மச்சான் எல்லோரும் "மாப்ளே, மாப்ளே" என்று கூப்பிட, எதிர் வீட்டுக்காரர்களும் கீழ்த்தளத்துத் தையல்காரரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் தபால்காரர்கூட "மாப்ளே, தபால்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி ஒன்றில் மெக்கானிக் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரில் உள்ளவர்களை மேலே ஏற்றிவிடுகிற மனிதர், தன் வீட்டுக்கு மூன்று மாடி மூச்சு வாங்கப் படியேறித்தான் வருவார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறு கம்பெனியின் பொறுப்பில் இருந்தது. தொட்டால் வேலை போய்விடும். அவர்களோ வருவதில்லை. வந்தாலும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மாப்பிள்ளைக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. ஹாலில் இருந்த பழைய பச்சை சோபாவில், மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க, ஒரே ஒரு மேட்ச்சை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மற்ற நேரத்தில் அந்த சோபாவில் அவர் உட்காரலாம், படுக்கலாம், குறட்டைகூட விடலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பச்சை விளையாடுகிற ஒன்றரை மணி நேரம் மட்டும் அவர் அந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

பச்சை என்பது கால்பந்து கிளப். பச்சைச் சட்டை போட்டு ஆடுவதால் எதிரிகள் அவர்களைக் கிளிகள் என்பார்கள். எதிரிகள் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் மைதானம் வைத்திருக்கிற கிளப். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை. இவர்கள் அவர்களை வரிக்குதிரைகள் என்பார்கள். மாமனார் வீட்டில் அந்த விலங்கின் படம் இருந்த குழந்தைப் புத்தகத்தில்கூட அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் பேத்தியிடம் கொடுத்தார்கள்.

கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு, சம்பளம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் மாமனார் கேட்டது, "தம்பி எந்த கிளப்?" என்றுதான். தம்பிக்கு எந்த கிளப்பும் இல்லை. அவர் வளர்ந்த வீட்டில் பந்து என்ற சாமானே கிடையாது. ஆனால் கண் இருந்தது. பச்சைத் திரைச்சீலை, பச்சைத் தலையணை, குடிக்கக் கொடுத்த தண்ணீர்க் கோப்பையும் பச்சை. "பச்சைதான் மாமா. சின்ன வயசுலேர்ந்து" என்றார். கதவோரம் நின்ற பெண் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பார்.

சொன்ன பொய்யை உண்மையாக்க அவர் படாத பாடு பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஆட்டக்காரர்களின் பெயர்களை உருப்போட்டார். லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போடும்போது பச்சையின் பாட்டை முணுமுணுத்துப் பழகினார். கல்யாணமாகி ஒரு வாரத்தில் வந்த முதல் மேட்ச்சுக்கு சோபாவின் நடுவில் புது மாப்பிள்ளையாக உட்கார வைத்தார்கள். பச்சை நாலு கோல் வாங்கியது.

முதல் மேட்ச்தானே என்று விட்டுவிட்டார்கள். அடுத்த மேட்ச்சில் பச்சை ஜெயித்துக்கொண்டிருந்தபோது எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு சந்தோஷமாக ஹாலுக்கு வந்தார். தட்டைக் கீழே வைப்பதற்குள் கோல். அதற்கடுத்த மேட்ச் அன்றைக்கு யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். பச்சை பிரமாதமாக ஜெயித்தது.

"மாப்ளே இல்லாத நேரமாப் பார்த்து ஜெயிக்குது பாருங்களேன்" என்று மாமியார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்து போயிருக்கும். சிரித்துக்கொண்டு சொன்னதால் நிலைத்துவிட்டது.

மச்சான் கொஞ்சம் படித்தவன். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டான். ஒரு மேட்ச்சின் நடுவில் சமையலறையிலிருந்த மாப்பிள்ளையை "இங்க வாங்க, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டு ஹாலில் நிற்க வைத்தான். எதிரணி கோல் போட்டது. "சரி, போங்க" என்றான். பச்சை பதிலுக்குப் போட்டது. மச்சான் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். கையில் வெங்காயமும் கத்தியுமாக மாப்பிள்ளை சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். மாமனார் மெதுவாக, யாரோ செத்த செய்தியைச் சொல்வதுபோல, அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ராசி இல்ல."

ஒருவனைக் கெட்டவன் என்றால் திருந்திக் காட்டலாம். சோம்பேறி என்றால் உழைத்துக் காட்டலாம். முட்டாள் என்றால்கூட நாலு விஷயம் தெரிந்துகொண்டு வந்து பேசலாம். ராசியில்லாதவன் என்று சொல்லிவிட்டால் அவன் என்னதான் செய்வான்? அது அவன் செய்த காரியம் இல்லை. அவனே அதுதான். அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளை மனைவியிடம் "நீயும் நம்புறியா?" என்று கேட்டார்.

"நம்பறது நம்பாததுன்னு இல்லைங்க" என்றாள் அவள். "அப்பாவுக்குப் பிரஷர் இருக்கு. ஒன்றரை மணி நேரம்தானே? வெளியில இருங்களேன்."

அப்படித்தான் படிக்கட்டு அவருடைய இடமாயிற்று. விரட்டவில்லை, மரியாதையாகவே அனுப்பினார்கள். "மாப்ளே, ஆரம்பிக்கப் போகுது, கொஞ்சம் வெளியில இருங்க." வாங்க, போங்க, இருங்க என்று எந்தக் குறையும் வைக்காத குடும்பம். அவர் வெளியே வந்ததும் உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும். ஒருமுறை கதவைக் கீற்றாகத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பச்சையின் கோல்கீப்பர் கையிலிருந்த பந்தை நழுவவிட்டான். அன்றிலிருந்து தாழ்ப்பாள்.

வாசலுக்குக் கீழே நாலாவது படியில், மின்சார மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். உள்ளேயிருந்து வருகிற சத்தத்தை வைத்து ஆட்டத்தைப் பின்தொடரக் கற்றுக்கொண்டார். நாற்காலி இழுபட்டால் கார்னர். மச்சான் நடுவரின் அம்மாவை இழுத்தால் ஃபவுல். மாமியார் திடீரென்று மௌனமானால் பந்து நம் கோல் பக்கம் வந்துவிட்டது. கோல் விழுந்தால் கட்டடமே சொல்லும். அப்போது அவரும் படியில் எழுந்து நின்று சத்தம் வராமல் கை தட்டுவார். சத்தம் வந்தால் ராசி கதவிடுக்கு வழியாக உள்ளே போய்விடுமோ என்று அவருக்கே பயம். கூத்து என்னவென்றால், பொய்யாக ஆரம்பித்த அந்த மனிதருக்கு, பார்க்கவே விடாத அந்த கிளப்பின்மேல் உண்மையிலேயே உயிர் வந்துவிட்டது. தோற்ற நாட்களில் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். கதவு திறக்கும்போது தோற்றதற்கும் அவரைத்தான் பார்ப்பார்கள்.

மகள் பிறந்ததும் ஒரு மேட்ச் நாளில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போன் போட்டார். "மாமா..." என்று ஆரம்பிப்பதற்குள், "மூணு கோல் மாப்ளே! மூணு! அங்கேயே இருங்க, வந்துடாதீங்க!" என்று மாமனார் கத்தினார். பேத்தி பிறந்த விஷயத்தை அடுத்த போனில்தான் சொல்ல முடிந்தது.

அந்தப் பேத்திக்கு இப்போது எட்டு வயது. சோபாவின் நடுவில், மாப்பிள்ளை ஒரே ஒரு மேட்ச்சுக்கு உட்கார்ந்த இடத்தில், பச்சைத் தொப்பியோடு உட்காருகிறாள். தாழ்ப்பாள் எட்டுகிற உயரம் வந்ததிலிருந்து தாழ்ப்பாள் போடுகிற வேலையும் அவளுடையதுதான். அதில் அவளுக்குப் பெருமை. "டாட்டா அப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவாள்.

அந்த வருஷம் பச்சைக்கு யோகம் அடித்தது. கடைசி மேட்ச்வரை வந்துவிட்டார்கள். எதிரே வரிக்குதிரைகள், அதுவும் அவர்கள் மைதானத்தில். வரிக்குதிரைகள் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. தோற்காமல் சமாளித்தாலே போதும், கோப்பை பச்சைக்கு. மாமனார் வாலிபத்தில் கடைசியாகப் பார்த்த கோப்பை. வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மேட்ச்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, படியேறி வந்த களைப்பில் மாமனார் லிஃப்டைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஒரு பெட்டியை மேல இழுக்க இவ்வளவு பாடா மாப்ளே?"

தொழிலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதே கிடையாது. மாப்பிள்ளைக்கு வாய் நிறைய வந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். "பெட்டி தனியா ஏறாது மாமா. அந்தப் பக்கம் ஒரு வெயிட்டு தொங்கும். இரும்புக் கட்டி. அது கீழ இறங்கினாத்தான் இது மேல போகும். மோட்டார் சும்மா ஒத்தாசைக்குத்தான். நிஜமா தூக்குறது அந்தப் பக்கத்து எடைதான்."

மாமனார் டீயை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மச்சானைப் பார்த்தார். மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தான். அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை யோசித்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"இத்தனை வருஷமா தப்புப் பண்ணிட்டோம்டா" என்றார் மாமனார். "எடையை வாசல்ல வச்சிருந்தோம். அந்தப் பக்கம் தொங்கவிட்டிருக்கணும்."

மாப்பிள்ளைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது மச்சான் ஏற்கெனவே ஆபீஸ் சிநேகிதனுக்குப் போன் போட்டு, அக்கரை மைதானத்தில், வரிக்குதிரைகளின் நடுமத்தியில் ஒரு டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தான்.

"நான் போய் அவங்களோட உட்காரணுமா?"

"உட்கார்ந்தா மட்டும் போதாது மாப்ளே" என்றார் மாமனார், பக்கத்தில் வந்து தோளில் கை போட்டு. அவர் தோளில் கை போட்டதும் முதல் தடவைதான். "அவங்க ஜெயிக்கணும்னு மனசார நினைக்கணும். நடிச்சா வேலைக்கு ஆகாது. உங்க ராசி நீங்க ஆசைப்படுற பக்கத்தைத்தான் கவுக்கும். இல்லைன்னா இத்தனை வருஷமா நாங்க எதுக்குத் தோத்தோம்?"

"மாமா, என் மனசு பச்சைக்குத்தானே..."

"அதான் பிரச்சினையே" என்றான் மச்சான்.

மனைவி கீழே குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "கோப்பை மட்டும் வரட்டும். அடுத்த சீசன்லேர்ந்து இந்த சோபாவுல, என் பக்கத்துல, நீங்க."

"நிஜமாவா தாத்தா?" என்றாள் மகள். அவள் முகத்தில் வந்தது சந்தோஷமா, தன் இடம் போய்விடுமே என்ற கவலையா என்று மாப்பிள்ளை உற்றுப் பார்க்கவில்லை. சோபாவைத்தான் பார்த்தார். சரி என்றார்.

அந்த ஒரு வாரமும் வேலை உடுப்புக்கு உள்ளே கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று, யாருக்கும் கேட்காமல், வரிக்குதிரைகளின் பாட்டைப் பாடிப் பார்த்தார். முதல் வரியைத் தாண்டவில்லை. மனசாரத் துரோகம் பண்ணுவது எப்படி என்று எந்த மெக்கானிக்கும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

மைதானத்தில் அவருடைய இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பெருத்த மனிதர் உட்கார்ந்திருந்தார். ரொட்டிக் கடைக்காரர். நகக்கண்ணில் மாவு இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்ததும் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து ஒரு பன்னை நீட்டினார்.

"புதுசா இருக்கீங்களே தம்பி. இது என் தம்பியோட சீட்டு. போன வருஷம் போயிட்டான். அவன் மகன் டிக்கெட்டை வித்துட்டான், அவனுக்கு பந்துன்னா ஆகாது. பரவாயில்ல. யாராவது உட்கார்ந்தாப் போதும். காலியாக் கிடந்தாத்தான் பார்க்க முடியல." தன் கழுத்தில் இரண்டாகக் கிடந்த கோடு போட்ட துண்டுகளில் ஒன்றை எடுத்து மாப்பிள்ளையின் கழுத்தில் போட்டார். "இதுவும் அவனுதுதான். குளிரும், போட்டுக்குங்க."

மாப்பிள்ளை துண்டைச் சரிசெய்துகொண்டு பன்னைக் கடித்தார்.

"எப்படி நம்ம கிளப்புக்கு வந்தீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். அந்த வரிசையில் அது சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரியான கேள்வி போலிருக்கிறது. பதிலுக்குக் காத்திராமல் தன் கதையைச் சொன்னார். "எங்க அப்பா தினமும் அடிப்பார். மேட்ச் அன்னைக்கு மட்டும் அடிக்க மாட்டார். ஜெயிச்சாலும் அடிக்க மாட்டார், தோத்தாலும் அடிக்க மாட்டார். நானும் தம்பியும் அந்த நாளுக்காகவே காத்துக்கிட்டிருப்போம். அப்படி ஒட்டிக்கிச்சு."

முன்வரிசையில் இருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் திரும்பி, "என் கதை அதைவிட நல்லா இருக்கும். புருஷன் ஓடிப்போனான், அவன் சீசன் டிக்கெட் வீட்டுலயே கிடந்துச்சு. அவனைப் பழிவாங்க வந்தேன், அப்படியே மாட்டிக்கிட்டேன்" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். "நீங்க சொல்லுங்க."

"மாமனாரால வந்தேன்" என்றார் மாப்பிள்ளை. பொய் சொல்லவில்லை.

"அவரும் நம்ம ஆளா?"

"அவர்தான் அனுப்பி வச்சார்."

"நல்ல மனுஷன்" என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

ஆட்டம் ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் பச்சையைக் கண்ணால் பார்ப்பது இதுதான் மாப்பிள்ளைக்கு ஐந்தாவது தடவை. பந்து பச்சையின் காலுக்கு வந்தபோது உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டார். பாதி ஆட்டத்துக்கு முன்னால் பச்சை கோல் போட்டது. சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஊமையானார்கள். அவருக்குள்ளே மட்டும் ஒரு படிக்கட்டு எழுந்து நின்று சத்தம் வராமல் கை தட்டியது. உடனே பயந்து போனார். மனசு சரியில்லை. இந்த மனசோடு இருந்தால் ராசி தப்பான பக்கம் வேலை செய்யும். சோபா போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு, "வரிக்குதிரை ஜெயிக்கணும், வரிக்குதிரை ஜெயிக்கணும்" என்று மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது வரிக்குதிரைகள் பதில் கோல் போட்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று தெரிவதற்குள் ரொட்டிக் கடைக்காரர் அவரை இடுப்போடு கட்டி அந்தரத்தில் தூக்கிவிட்டார். நர்ஸ் அவர் தலையைப் பிடித்து ஆட்டினாள். முன்பின் தெரியாத யாரோ அவர் காதில் முத்தம் கொடுத்தான்.

"ராசிக்காரன்யா நீ!" என்று கடைக்காரர் கத்தினார். "தம்பி போனதுக்கப்புறம் இந்த சீட்டுல உட்கார்ந்த ராசிக்காரன்யா!"

மாப்பிள்ளை அழ ஆரம்பித்தார். எல்லோரும் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தார்கள். ஒருவகையில் சந்தோஷம்தான். அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் வரிக்குதிரைகளுக்கு பெனால்டி கிடைத்தது. விழுந்தால் கோப்பை அவர்களுக்கு. விழாவிட்டால் பச்சைக்கு. கடைக்காரர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார், மாவு படிந்த அந்தக் கை குளிர்ந்திருந்தது. "நீ இருக்கே. விழுந்துடும்" என்றார். மாப்பிள்ளை கணக்குப் போட்டார். விழ வேண்டும் என்று நான் மனசார ஆசைப்பட வேண்டும். ஆசைப்பட்டால் விழாது. விழாவிட்டால் சோபா. ஆகவே விழட்டும். பந்தை வைத்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. பக்கத்தில் அந்தப் பெருத்த மனிதர் செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். விழட்டும், இவருக்காக விழட்டும் என்று மாப்பிள்ளை நினைத்தார். அப்போது சோபா அவருக்கு ஞாபகம் இல்லை. மனைவி, மகள், மாமனார், யாரும் ஞாபகம் இல்லை. சாமி சத்தியமாக, மனசார ஆசைப்பட்டார்.

பந்து கம்பத்துக்கு மேலே பறந்து போயிற்று.

கொஞ்ச நேரத்தில் விசில் ஊதி முடித்தார்கள். தூரத்து மூலையில் ஒரு சிறு பச்சைக் கூட்டம் குதித்தது. ரொட்டிக் கடைக்காரர் உட்கார்ந்து பன் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். "பரவாயில்ல தம்பி. எங்களுக்குப் பழக்கம்தான். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். வருவே இல்ல?" என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். மாப்பிள்ளைக்கு மறுபடி வாய் சும்மா இருக்கவில்லை. முதல் தடவையாக ஒருவர் தன்னைக் குறை சொல்லாமல் தோற்கிறார் என்றதும் உள்ளே இருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என்னாலதாண்ணே" என்றார். ராசி, படிக்கட்டு, தாழ்ப்பாள், இரும்புக் கட்டி, சோபா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "ஆனா கடைசியில நான் நிஜமாவே ஆசைப்பட்டேன்ண்ணே. உங்களுக்காக. நம்புங்க."

கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். அடிப்பார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார், அடித்திருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும். அவர் கையை நீட்டி, மாப்பிள்ளையின் கழுத்திலிருந்த துண்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து எடுத்தார். குழந்தைக்குக் கழற்றுவதுபோல அவ்வளவு பதமாகக் கழற்றினார்.

"எழுந்திரு" என்றார். "அது என் தம்பி சீட்டு."

வீட்டுக்கு வந்தபோது மூன்றாம் மாடிச் சத்தம் தெரு முனையிலேயே கேட்டது. படியேறிக் கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் திறந்தது. கோடு போட்ட சட்டையோடு உள்ளே வர வேண்டாம் என்று, மகளைத் தவிர மொத்தக் குடும்பமும் வாசலுக்கே வந்துவிட்டது. மாமியார் கன்னத்தைக் கிள்ளினார். மச்சான் "நிரூபிச்சிட்டீங்க மாப்ளே" என்று கை குலுக்கினான். மாமனார் கட்டிப்பிடித்து அழுதார்.

"மாமா, அடுத்த சீசன்..." என்றார் மாப்பிள்ளை. "சோபா..."

மாமனார் விலகி நின்று அவரை வாஞ்சையோடு பார்த்தார். "மாப்ளே, நீங்களே சொல்லுங்க. தொழில் தெரிஞ்சவரு. பெட்டி மேல போயிடுச்சேன்னு யாராவது எடையை அறுத்து விடுவாங்களா?"

மச்சான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அதே இருக்கைக்கு வருஷம் முழுவதற்கும் டிக்கெட். பந்தென்றால் ஆகாத அந்த ஆபீஸ் சிநேகிதன் சந்தோஷமாகத் தள்ளிவிட்டிருக்கிறான். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். "அப்பா எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாருங்க" என்றாள் அவள். மகள் சோபாவின் நடுவிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"நீங்க அங்கேயே போங்கப்பா. அப்பத்தான் அடுத்த வருஷமும் நம்ம ஜெயிப்போம்."

புது சீசனில் அக்கரை மைதானத்தில் நடந்த முதல் மேட்ச் அன்றைக்கு மாமனார் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மனசாரத்தானே மாப்ளே?"

"மனசார மாமா" என்றார் மாப்பிள்ளை. அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் முழு உண்மை அது. ஒருவருக்கும் தெரியவில்லை. விடுமுறை மாதங்கள் முழுக்க அந்தக் குளிர்ந்த கையும், மேலே பறந்துபோன பந்தும் அவரைத் தூங்க விடவில்லை. பச்சை என்ற பேச்சை எடுத்தாலே வாய் கசந்தது. உள்ளே போட்டிருந்த கோடு போட்ட சட்டையை இப்போது யாரும் போடச் சொல்லவில்லை, அவராகத்தான் போட்டுக்கொண்டார்.

வரிசையில் எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரொட்டிக் கடைக்காரர் எழுந்து, இருக்கைக்கு முன்னால் அகலமாக நின்றார். அந்த இருக்கையில் தம்பியின் துண்டு விரித்துப் போட்டிருந்தது.

"நான் இப்ப நிஜமாவே நம்ம கிளப்புண்ணே" என்றார் மாப்பிள்ளை.

"இருந்துட்டுப் போ. யார் வேணாம்னா? நீ எப்படி வந்தேன்னும் எங்களுக்குத் தெரியும்." கடைக்காரர் வெளியே போகிற வழியைக் காட்டினார். "ஆனா உள்ளே வேண்டாம். அங்க படியில இரு."

ஸ்டாண்டுக்குப் பின்னால் சிமென்ட் படிக்கட்டு. மேலே கூட்டத்தின் முதுகு, கீழே கழிப்பறை. மாப்பிள்ளை நாலு படி இறங்கி உட்கார்ந்தார். பக்கத்துச் சுவரில் மீட்டர் பலகை ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ஐம்பது வாய் ஒன்றாகத் திட்டினால் ஃபவுல். இருக்கைப் பலகைகள் மொத்தமாகக் கிறீச்சிட்டால் கார்னர். இங்கே கற்றுக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை, ஏற்கெனவே படித்த படிப்புதான். படிக்கட்டு அதிர்ந்து தலைமேல் சிமென்ட் தூசி கொட்டியபோது கோல் என்று தெரிந்து எழுந்து நின்றார். சத்தம் வராமல் கை தட்டினார்.

ஆட்டம் முடிந்து கூட்டம் சிரித்துக்கொண்டு இறங்கியது. ரெண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் அவரைத் தாண்டிப் போனவர், நின்று, திரும்பி வந்தார். யோசனையோடு படியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முழு நேரமும் இங்கயேதான் இருந்தியா?"

"ஆமாண்ணே."

"எட்டிக்கூடப் பார்க்கல?"

"பார்க்கலண்ணே."

கடைக்காரர் தலையை ஆட்டினார். "அடுத்த மேட்ச்சுக்கும் வந்துடு" என்றார். "இதே படிக்கு."

மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கண்டிப்பா வந்துடுறேன்ண்ணே" என்றார். சட்டையில் கொட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே, படி ரொம்பக் குளிருகிறது, அடுத்த தடவை உட்காருவதற்கு வீட்டிலிருந்து ஒரு தலையணை எடுத்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் இருப்பதெல்லாம் பச்சைத் தலையணைதான். உறை மாற்றிக்கொள்ளலாம்.